மாநில அரசியலமைப்பின் வாக்குரிமை வாசகத்தைத் திருத்தும் முன்மொழிவை வாசிக்கும் முறை

2024 நவம்பரில் வட கரோலினா வாக்காளர்கள் பெற்ற வாக்குச்சீட்டில், அதிபர் பதவி முதல் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பதவிகள் வரை நீண்ட பட்டியலுக்குப் பின், ஒற்றை வாக்கியமாக ஓர் அரசியலமைப்புத் திருத்தம் இடம்பெற்றிருந்தது. அமெரிக்கக் குடியுரிமையும் 18 வயதும் ஏனைய தகுதிகளும் உடையவர் மட்டுமே அம்மாநிலத்தின் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க உரியவர் என்று வகைசெய்யும் திருத்தம் அது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தனர். ஆனால் அந்த வாக்கியம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருந்தது. அதுவரை அந்தப் பிரிவு, அமெரிக்காவில் பிறந்த ஒவ்வொருவரும், குடியுரிமை வழங்கப்பெற்ற ஒவ்வொருவரும் வாக்களிக்க உரியவர் என்ற சொற்களோடு தொடங்கியது. அந்தச் சொற்கள் முழுவதும் நீக்கப்படுகின்றன என்பதை அறிய விரும்பியவர், வாக்குச்சீட்டை விட்டு வெளியே சென்று சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவைத் தேடிப் படித்திருக்க வேண்டும்.

அதே நாளில் ஐடஹோ, அயோவா, கென்டக்கி, மிசூரி, ஓக்லஹோமா, தென் கரோலினா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களும் இதையொத்த திருத்தங்களை ஏற்றன. 2020-இல் அலபாமா, கொலராடோ, ஃப்ளோரிடா ஆகியவையும், 2022-இல் ஒஹாயோ, லூசியானா ஆகியவையும், 2025-இல் டெக்சஸும் ஏற்றிருக்கின்றன. அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட தமிழர் பலர் இம்மாநிலங்களில் வாழ்கிறார்கள். இந்தியாவில் அரசியலமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. சில பிரிவுகளுக்கு மட்டும் மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல் வேண்டும். மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு கிடையாது. அமெரிக்காவிலோ டெலவேர் ஒன்றைத் தவிர எல்லா மாநிலங்களிலும், மாநில அரசியலமைப்பின் திருத்தம் வாக்காளரின் ஒப்புதலுக்கு வந்தே தீர வேண்டும். ஆகையால் அங்கே புதிதாக வாக்களிக்கத் தொடங்குபவருக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த வாக்கியங்களே அதிகம் திகைப்பூட்டுகின்றன. எந்தப் பக்கம் வாக்களிப்பது என்பதை இக்கட்டுரை சொல்லப்போவதில்லை; வாக்களிப்பதற்கு முன் எதை, எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

முதலில் முழு வாசகத்தைத் தேடி எடுத்தல்

உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் அல்லது கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் இணையத்தளத்தில், பெயரையோ முகவரியையோ கொடுத்தால், உங்களுக்குரிய மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும். அதை அச்சிட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அதில் இருப்பது கேள்வி மட்டுமே. ஆதரவு வென்றால் அரசியலமைப்பில் ஏறப்போகும் சொற்கள் வேறோர் ஆவணத்தில் இருக்கின்றன. சட்டமன்றம் அனுப்பிய திருத்தமாயின் அது சட்டமன்ற இணையத்தளத்தில் தீர்மானமாகவோ முன்வரைவாகவோ கிடைக்கும். வாக்காளர் கையெழுத்துத் திரட்டிக் கொணர்ந்த திருத்தமாயின் மனுவின் முழு வாசகம் தேர்தல் அலுவலகத்தில் இருக்கும். கலிஃபோர்னியா, ஓரெகன் போன்ற மாநிலங்கள் முழு வாசகத்தையும் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களையும் சேர்த்துக் கையேடாகவே வாக்காளரின் வீட்டுக்கு அனுப்புகின்றன. எல்லா மாநிலங்களும் இந்தத் தாராளத்தைக் காட்டுவதில்லை.

கேள்வியை எழுதுவதே ஓர் அரசியல் என்பதற்கு மினசோட்டாவை நினைவில் கொள்ளலாம். 2012-இல் அங்கே புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, சட்டமன்றம் அதற்கு அடையாள அட்டையை மட்டும் முன்னிறுத்தும் தலைப்பைக் கொடுத்தது. மாநிலத் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் அதை மாற்றி, நேரில் வாக்களித்தல், அஞ்சல் வாக்கு, வாக்காளர் பதிவு, தற்காலிக வாக்கு (தகுதி சரிபார்க்கப்படும் வரை தனியே வைக்கப்படும் வாக்கு) ஆகியவற்றில் வரும் மாற்றங்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது; நீதிமன்றம் சட்டமன்றத்தின் தலைப்பையே மீட்டுக் கொடுத்தது. திருத்தத்தின் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறாத நிலையில், அதன் பெயர்ப்பலகைக்காக மட்டும் இவ்வளவு போராட்டம் நடந்தது. தலைப்பையும் கேள்வியையும் எவ்வளவு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நீக்கப்படும் சொற்களை முதலில் வாசித்தல்

திருத்த முன்வரைவுகளில் பெரும்பாலும் நீக்கப்படும் சொற்களின் மேல் கோடு கிழிக்கப்பட்டிருக்கும். சேர்க்கப்படும் சொற்களின் கீழ் கோடிடப்பட்டிருக்கும். கண் இயல்பாகவே சேர்க்கப்படும் சொற்களுக்குச் செல்லும். என் பரிந்துரை அதற்கு நேர்மாறானது: அடித்த சொற்களை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதி, அவை இதுவரை என்ன வேலை செய்துவந்தன என்று கேட்க வேண்டும். சேர்க்கப்படுவதைப் பற்றிப் பரப்புரை செய்பவர்கள் போதுமான அளவு பேசிவிடுகிறார்கள். நீக்கப்படுவதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

பெரும்பாலான குடியுரிமைத் திருத்தங்களில் மாறியது ஒரு சொல்தான். "ஒவ்வொரு குடிமகனும்" என்று இருந்தது "குடிமகன் மட்டுமே" என்று ஆனது. விஸ்கான்சினில் 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனும் தகுதியுள்ள வாக்காளர் என்று இருந்த வாசகம், 18 வயது நிறைந்த குடிமகன் மட்டுமே தேசிய, மாநில, உள்ளாட்சித் தேர்தல்களிலும் பொதுவாக்கெடுப்புகளிலும் வாக்களிக்கத் தகுதியுள்ள வாக்காளர் என்று நீண்டது. முதல் வாசகம் உள்ளே இருப்பவருக்கு உறுதி தருகிறது. வெளியே இருப்பவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டாவது வாசகம் வெளியே இருப்பவரைத் தடுக்கிறது. உள்ளே இருப்பவருக்குத் தரும் உறுதி அதில் மறைமுகமாகிவிடுகிறது. ஆதரிப்பவர்கள் முதல் வாசகத்தின் மௌனத்தை ஓட்டை என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாவது வாசகத்தில் உறுதி நலிந்துவிட்டது என்கிறார்கள். இரு தரப்பும் ஒரே சொல்லின் இரு பக்கங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்த மௌனம் வெறும் கற்பனையன்று. மேரிலாந்தின் டகோமா பார்க் 1990-களின் தொடக்கத்திலிருந்தே குடியுரிமை இல்லாதவர்களை நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க விட்டுவருகிறது. வெர்மாண்டில் மான்ட்பீலியர், வினூஸ்கி ஆகிய நகரங்கள் அவ்வாறே செய்தன. மாநில உச்ச நீதிமன்றம் 2023-இல் அதற்குத் தடையில்லை என்றது. சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிப்பதற்கு 2016-இல் மக்கள் ஒப்புதல் அளித்தனர். கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அதைச் செல்லும் என்றது. ஆனால் நியூயார்க் நகரம் 2021-இல் நிறைவேற்றிய இதே போன்ற சட்டத்தை, மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளிவிட்டது. ஒவ்வொரு குடிமகனும் என்ற சொற்களுக்குள்ளேயே குடிமக்கள் மட்டும் என்ற பொருள் அடங்கியிருக்கிறது என்பது அந்த நீதிமன்றத்தின் முடிவு. ஆகவே உங்கள் மாநிலத்தின் பழைய வாசகம் ஓட்டையுள்ளதா இல்லையா என்பதை வேறொரு மாநிலத்தின் தீர்ப்பைக் காட்டி யாரும் நிறுவிவிட முடியாது.

வட கரோலினாவுக்குத் திரும்புவோம், ஏனெனில் நமக்கு அது நெருக்கமான எடுத்துக்காட்டு. குடியுரிமை வழங்கப்பெற்றோர் என்ற சொற்கள் நீக்கப்பட்டதால் அவ்வாறு குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவர் வாக்குரிமையை இழந்துவிட்டாரா என்றால், இல்லை. பிறந்தவரும் வழங்கப்பெற்றவரும் ஒரே குடிமக்கள் என்பதைக் கூட்டாட்சி அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் உறுதிசெய்கிறது. புதிய வாசகத்தின் குடிமகன் என்ற சொல் இருவரையும் உள்ளடக்கும். இருந்தாலும், மாநில அரசியலமைப்பே பெயர் சொல்லி உறுதியளித்த ஒரு பிரிவினரின் பெயர் அதிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தச் செய்தி வாக்குச்சீட்டில் தெரிவிக்கப்படவில்லை. இதில் அச்சம் கொள்ள ஒன்றுமில்லை என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில், வாக்காளரிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது என்றும் கருதுகிறேன்.

மறுநாள் காலையில் என்ன மாறும்?

அடுத்த கேள்வி, திருத்தம் வென்ற மறுநாள் யாருடைய வாக்குரிமை மாறும் என்பது. கூட்டாட்சித் தேர்தல்களில் குடியுரிமை இல்லாதவர் வாக்களிப்பதை 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் ஏற்கெனவே குற்றமாக்கியிருக்கிறது. வட கரோலினாவிலும் விஸ்கான்சினிலும் உள்ளாட்சித் தேர்தல்களில்கூடக் குடிமக்களே வாக்களித்துவந்தார்கள். ஆகவே அங்கே மறுநாள் எவருடைய நிலையும் மாறவில்லை. ஒஹாயோவில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர், குடியுரிமை இல்லாத தன் குடியிருப்பாளர்கள் ஊர்த் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2019-இல் முடிவெடுத்தது. மாநில அதிகாரிகள் அதை நடைமுறைக்கு வரவிடவில்லை. 2022 திருத்தம் அந்த வழியை நிலையாக அடைத்தது.

எதுவும் மாறாவிட்டால் திருத்தம் எதற்கு என்ற கேள்வி எழும். சட்டத்தில் இருக்கும் ஒன்றை அரசியலமைப்புக்கு உயர்த்தினால், பின்வரும் சட்டமன்றம் அதைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற முடியாது. மாநில நீதிமன்றம் அதை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுவதும் எளிதன்று. விஸ்கான்சினில் புகைப்பட அடையாள அட்டை 2011 முதலே சட்டம். அதை 2025 ஏப்ரலில் அரசியலமைப்பில் சேர்த்ததன் நோக்கம் இந்தப் பூட்டுதான். ஆகவே வாக்காளர் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்த விதி எனக்கு ஏற்புடையதா, இதை எளிதில் திறக்க முடியாதபடி பூட்டுவது எனக்கு ஏற்புடையதா? முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

விவரங்களை நிரப்பப்போவது யார்?

ஒரு திருத்தம் தானாகவே நடைமுறைக்கு வருமா, அல்லது சட்டமன்றம் தனியாகச் சட்டம் இயற்றிய பின்னரே உயிர் பெறுமா என்பதை வினைச்சொற்களிலிருந்து கண்டுகொள்ளலாம். கனெக்டிகட்டில் முன்கூட்டியே நேரில் வாக்களிக்கும் வசதிக்கான கதவு 2014-இல் வாக்காளர்களால் மூடப்பட்டது, 2022-இல் திறக்கப்பட்டது. ஆனால் 2022-இல் வென்ற வாசகம் அந்த வசதியைத் தரவில்லை. அதைத் தருவதற்குச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் தந்தது, அவ்வளவே. சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, வாக்காளர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது 2024-இல். காரணம் சொல்லாமலே அஞ்சல் வாக்குப் பெறுவதற்கான 2024 திருத்தமும் அதே வகையைச் சேர்ந்தது. "வகைசெய்யலாம்" என்ற சொல்லுக்கும் "வகைசெய்ய வேண்டும்" என்ற சொல்லுக்கும் இடையே சில ஆண்டுகள் அடங்கியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, மிச்சிகனில் 2022-இல் ஏற்கப்பட்ட திருத்தம், ஒன்பது நாள் முன்கூட்டிய வாக்களிப்பை எண்ணோடு அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது.

வட கரோலினா 2018-இல் ஏற்ற அடையாள அட்டைத் திருத்தம் விவரங்களைச் சட்டமன்றத்திடம் ஒப்படைத்தது. எந்த அட்டைகள் செல்லும், யாருக்கு விலக்கு என்பதெல்லாம் அதே ஆண்டு டிசம்பரில் தனிச்சட்டமாக, ஆளுநரின் மறுப்பையும் மீறி, நிறைவேறியது. மாநில உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. தேர்தலுக்குப் பின் நீதிபதிகளின் பெரும்பான்மை மாறியது. அதே நீதிமன்றம் 2023 ஏப்ரலில் வழக்கை மீண்டும் கேட்டு, சட்டம் செல்லும் என்றது. திருத்தத்தை ஆராய்பவர் அதே வாக்குச்சீட்டில் உள்ள நீதிபதித் தேர்தலையும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அரசியலமைப்பின் சொற்களுக்குப் பொருள் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்.

இந்தப் பாடத்தை ஃப்ளோரிடா மிகவும் கசப்பாகக் கற்றது. கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்கள், பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு உட்பட, தண்டனையின் எல்லா நிபந்தனைகளையும் முடித்தவுடன் வாக்குரிமையை மீண்டும் பெறுவார்கள் என்று 2018-இல் ஏற்கப்பட்ட நான்காவது திருத்தம் சொன்னது. கொலை, கடுமையான பாலியல் குற்றங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு இருந்தது. ஏறத்தாழ 64 விழுக்காட்டு ஆதரவோடு அது வென்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெறுவர் என்று பேசப்பட்டது. "எல்லா நிபந்தனைகளும்" என்பதற்குள் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் இழப்பீடும் அடங்குமா? அடங்கும் என்று 2019-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதுவே சரியான பொருள் என்று 2020 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. கட்ட இயலாத ஏழையிடமும் அதைக் கோருவது செல்லாது என்று கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மே மாதம் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. பணம் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் கிடைத்துவிடும் என்று எண்ணப்பட்ட உரிமை கிடைக்கவில்லை. வரையறை இல்லாத பொதுச்சொல் எங்கேனும் தென்பட்டால், அதை உங்களுக்குப் பிடிக்காத ஒரு சட்டமன்றம் எப்படிப் பொருள்கொள்ளும் என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

ஒரே முன்மொழிவில் இரண்டு பொருள்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிசூரியில் 2024-இல் வந்த ஏழாவது திருத்தம், குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பதை முதலில் வைத்து, விருப்ப வரிசை முறையில் (வேட்பாளர்களை முதல், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்தி) வாக்களிப்பதற்கான தடையை அதன் பின்னே வைத்தது. முதல் பகுதியால் நடைமுறையில் எதுவும் மாறவில்லை. உண்மையான மாற்றம் இரண்டாவது பகுதியில் இருந்தது. பலகாரத் தட்டில் மேலே தூவிய சீனியைப் போல, மறுக்க மனம் வராத ஒன்றை முன்னே வைப்பது பழைய உத்தி. முன்மொழிவில் "மேலும்" என்ற சொல்லோ அரைப்புள்ளியோ வந்தால், ஒவ்வொரு பகுதியும் தனியாக வந்திருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டு, பின்னர் எது கனமானது என்று முடிவுசெய்யுங்கள்.

வெற்றிக்கு எவ்வளவு தேவை, வெற்றிடம் எப்படி எண்ணப்படும்?

பல மாநிலங்களில் அந்தக் கேள்விக்கு வாக்களித்தோரின் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஃப்ளோரிடாவில் 60 விழுக்காடு வேண்டும். நெவாடாவில் மனு வழியாக வரும் திருத்தம் அடுத்தடுத்த இரண்டு பொதுத்தேர்தல்களில் வெல்ல வேண்டும்; 2024-இல் வென்ற அடையாள அட்டைத் திருத்தம் அதனாலேயே 2026-இல் மீண்டும் வாக்காளர் முன் வர வேண்டியதாயிற்று. மினசோட்டா உள்ளிட்ட சில மாநிலங்களின் விதி வேறு. மினசோட்டாவில் அத்தேர்தலில் வாக்களித்த அனைவரின் பெரும்பான்மை தேவை என்பதால், திருத்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டவரின் தாள் எதிர்ப்பு வாக்கின் பயனைத் தருகிறது. புரியவில்லை, விட்டுவிடுவோம் என்பது பல மாநிலங்களில் நடுநிலை. அங்கே அது ஒரு நிலைப்பாடு. மேற்சொன்ன 2012 அடையாள அட்டைத் திருத்தம் அங்கே தோற்றது. பதிவான எதிர்ப்பு வாக்குகளே ஆதரவை மிஞ்சியிருந்ததால் வெற்றிடத் தாள்கள் அந்த முடிவைத் தீர்மானிக்கவில்லை.

வாக்களிக்கச் செல்பவரும் செல்லக்கூடாதவரும்

எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் இத்தேர்தல்களில் வாக்களிக்க முடியாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவையும் சேர்த்துக் கேட்கும் படிவம் கையில் வரும்போது, அதில் குடிமகன் என்று தவறுதலாகக் குறித்துவிட்டால் கூடப் பின்னால் பெரும் சிக்கலாகலாம். குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, வாக்களித்ததுண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன, பொய்யான குடியுரிமைக் கோரிக்கை நாடுகடத்தலுக்கும் காரணமாகலாம். உள்ளூர்த் தேர்தலில் அனுமதிக்கும் ஊர்களில் வாழ்பவர்கூட, பதிவு செய்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

வயது முதிர்ந்த பின் குடியுரிமை பெற்ற பெற்றோரின் நிலை வேறு. கிரீன் கார்டோடு 20 ஆண்டு வாழ்ந்த 50 வயதினருக்கும், 15 ஆண்டு வாழ்ந்த 55 வயதினருக்கும் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஆங்கிலம் வாசிக்காத குடிமக்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ படிக்க எழுத இயலாமையோ உடையவர், தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு வாக்குச்சாவடிக்குள் அழைத்துச் செல்லலாம் என்று கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கொடுப்பவரும் அவருடைய முகவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. மகனோ மகளோ உடன் செல்லலாம். திருத்தக் கேள்வியை அங்கே வைத்து முதன்முதலாக விளக்கத் தொடங்கினால் வரிசை நீளும், அவசரத்தில் பெற்றோரின் முடிவு பிள்ளையின் முடிவாகிவிடும். முழு வாசகத்தை வீட்டிலேயே தமிழில் வாசித்துக் காட்டி, அம்மாவோ அப்பாவோ சொல்லும் விடையை மாதிரி வாக்குச்சீட்டில் அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்வது முறை. அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைப்பதை நம்ப வேண்டாம். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. வாக்குச்சீட்டைப் பெற்றவுடன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பதவிகளால் நிரம்பிவிட்டால், திருத்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும்.